குமரியின் உப்புக்காற்றில் .22-ஆ, .32-ஆ?

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் எந்த ரிவால்வர் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள், துப்பாக்கி தானாக அமையும் என்பேன். .38, .455 (இந்த எண்கள் தோராயமாகக் குழலின் அகலம், அங்குலத்தில்), 9 மி.மீ. எல்லாம் படைக்கும் போலீசுக்கும் உரியவை என்று பொதுமக்களுக்குத் தடை. மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு: 1887-இல் வந்த .22 லாங் ரைபிள், 1896-இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். மற்ற நாடுகளில் பழசாகிப்போன .32 இங்கே இன்னும் கொடிகட்டிப் பறப்பதற்குக் காரணம் இந்தத் தடைதான்.

வலுவை முதலில் பார்த்துவிடலாம். .32-இன் ஈயக் குண்டு 6.35 கிராம், நொடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகம், ஆற்றல் 146 ஜூல் அளவில் வரும். .22-இன் குண்டு 2.6 கிராம்தான். நீளமான ரைபிள் குழலில் சீறிப் பாயும் அது, குட்டை ரிவால்வரில் வேகம் இழந்து நொடிக்கு 270 மீட்டர் பக்கம் வந்துவிடும். ஆற்றல் 95 ஜூல். இரண்டுமே பெரிய தோட்டாக்கள் இல்லை. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ரப்பர்காரர்கள் “பன்னிக்கு ஆகுமா?” என்று கேட்பதுண்டு. ஆகாது. காயப்பட்ட பன்றி இன்னும் ஆபத்து, வனத்துறை வழக்கு வேறு வரும்.

என்னைக் கேட்டால் நம் மாவட்டத்துக்கு வலுவைவிட முக்கியம், தோட்டா தவறாமல் வெடிக்குமா என்பது. .22-இல் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. மடிப்பு முழுக்க அது சீராகப் பரவாமல் ஓரிடம் விட்டுப்போயிருந்து, துப்பாக்கியின் சுத்தியல் அங்கேயே அடித்தால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. .32-இல் மருந்து நடுவில் தனிக் கிண்ணத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும், உண்மைதான். ஆனால் விளிம்பை நசுக்க ஓங்கி அடிக்க வேண்டும் என்பதால் .22 ரிவால்வர்களின் விசை பொதுவாகக் கடினம். சின்னத் தோட்டா என்றால் விசை லேசாக இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அப்புறம் நம் காற்று. குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் துருப்பிடித்த சன்னல் கம்பியே சொல்லும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் வேறு. தோல் உறையிலோ தோல் பெல்ட்டிலோ தோட்டாவைச் செருகி வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிடும், .22 ஆனாலும் .32 ஆனாலும். .22-க்கு இன்னொரு சிக்கல்: குண்டு கூட்டின் அகலமே இருப்பதால் மெழுகு பூசிய ஈயம் வெளியே தெரியும். சட்டைப்பையில் போட்டால் மணலும் நூலும் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரிவால்வரில் தோட்டா உட்காரும் அறைக்குள் எளிதில் இறங்காது. இறுக்கமான டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை, மழைக்கு முன் ஒவ்வொரு தோட்டாவையும் துடைத்துப் பார்ப்பது என்று பழகிக்கொள்ள வேண்டும்.

பயிற்சி என்று வந்தால் கதை மாறுகிறது. .22 மலிவு, உதைப்பு அற்பம். சுடப் பழகும் கைக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் தோட்டா இல்லாமல் வீட்டில் விசை இழுத்துப் பழகுவது பல .22-களுக்கு ஆகாது, அறையின் விளிம்பு நசுங்கும். .32-ஐயும் குறைத்து எடைபோட வேண்டாம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் (நடுவில் மருந்துள்ள தோட்டா) பிஸ்டல் போட்டியில் தட்டைமுனைக் குண்டு போட்ட .32 லாங்தான் இன்றும் பலரின் தேர்வு. மெதுவாகப் போகிற குண்டுதான், தாளில் விழும் துளை அச்சு வெட்டியது மாதிரி இருக்கும்.

துப்பாக்கிகளில், கான்பூரில் செய்து 2014-இல் வெளிவந்த நிர்பீக் .32, ஆறு தோட்டா, 500 கிராம். வந்த புதிதில் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். இஷாப்பூரின் நிடர் .22, எட்டுத் தோட்டா, 250 கிராம். தேர்தல் வந்தால் இரண்டையும் ஒப்படைக்க வேண்டி வரலாம்.

ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வதானால் .32 என்பதுதான் என் கட்சி. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகும் இரண்டு துப்பாக்கி வரை வைக்கலாம். அப்படி வாய்ப்பவர்கள் பயிற்சிக்கு ஒரு .22 சேர்த்துக்கொள்ளட்டும். உதைப்புக்கே கை நடுங்கும் வயதானவர்களுக்கு மட்டும் .22 சொல்வேன், அதுவும் கடையிலேயே விசையை இழுத்துப் பார்த்து, விரல் ஒத்துழைத்தால்.