ரெடிமேட் புராஜெக்ட் புரொபோசல் வாங்கி ஏமாந்தோம், நீங்கள் வாங்காதீர்கள்

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். "தலைப்பு, புரொபோசல், புரோகிராம் கோடு, ரிப்போர்ட் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று சொன்ன ஒரு புராஜெக்ட் சென்டரில் நாங்கள் நான்கு பேர் பணம் கட்டினோம். புரொபோசல் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்தப் பயத்தில் முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். ரசீதும் வாங்கவில்லை.

கிரெடிட் கார்டு மோசடியை மெஷின் லேர்னிங் மூலம் கண்டுபிடிப்பதுதான் தலைப்பு. எதிர்பார்க்கும் முடிவு என்ற இடத்தில் '99.8 சதவீதத் துல்லியம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

முதல் ரிவியூவில் மேடம் கேட்டது ஒன்றுதான். "டேட்டாவில் மொத்தம் எத்தனை பரிவர்த்தனை, அதில் மோசடி எத்தனை?" நாங்கள் அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அங்கேயே திறக்கச் சொன்னார். 2013 செப்டம்பரில் ஐரோப்பிய அட்டைதாரர்கள் இரண்டு நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள். அவற்றில் மோசடி 492.

"எதைக் கொடுத்தாலும் 'மோசடி இல்லை' என்று சொல்லும் புரோகிராமுக்கே 99.8 வந்துவிடுமே. அது ஒரு மோசடியைக்கூடப் பிடிக்காது. நீங்கள் புதிதாக என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார். நான்கு பேரும் தலைகுனிந்து நின்றோம்.

அதோடு முடியவில்லை. வாடிக்கையாளரின் வயது, ஊர், கடையின் வகை எல்லாவற்றையும் ஆராயப் போவதாகப் புரொபோசலில் எழுதியிருந்தது. டேட்டாவில் அப்படி ஒன்றுமே இல்லை. ரகசியம் காக்க வேண்டும் என்பதால் வி1 முதல் வி28 வரை பெயரிட்ட பத்திகளில் (டேட்டா அட்டவணையின் காலம்களில்) உருமாற்றிய வெறும் எண்களாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரம், தொகை, மோசடியா இல்லையா என்ற மூன்று பத்திகள்தான் படித்தால் புரியும். அப்புறம் புரோகிராம் கோடைப் பார்த்தால், டேட்டாவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பதற்கு முன்பே ஸ்மோட் (இருக்கும் வரிசைகளை வைத்து அதே சாயலில் செயற்கை வரிசைகளை உருவாக்கும் முறை) போட்டு மோசடி வரிசைகளைப் பெருக்கியிருந்தார்கள். சோதனைக்கு வைக்க வேண்டிய வரிசைகளின் சாயல் பயிற்சிக்குள் போய்விடும். அப்படி வரும் மதிப்பெண்ணை நம்பவே முடியாது.

சென்டருக்குப் போன் செய்தோம். திருத்தம் செய்யத் தனிக் கட்டணம் என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. அதே புரொபோசலை வேறொரு டீமும் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தது, அடுத்த வாரம் தெரிந்தது.

மேடம் பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அவருக்கு என்றும் நன்றி. இந்தத் தடவை டேட்டாவை முதலில் திறந்தோம், எண்ணினோம், அதற்குப் பிறகுதான் தலைப்பை எழுதினோம். துல்லியம் என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். உண்மையான மோசடிகளில் எத்தனையைப் பிடிக்கிறோம், அதற்காக எத்தனை நல்ல பரிவர்த்தனைகளைத் தவறாக நிறுத்துகிறோம் என்ற இரண்டை மட்டும் அளப்பதாகச் சொன்னோம். சின்னத் திட்டம்தான், ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தது. ஒப்புதல் கிடைத்தது. கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை.

இதே தலைப்பை யாராவது உங்களிடம் விற்க வந்தால், வி14 என்ற பத்தி எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: "அதெல்லாம் ரிவியூவில் கேட்க மாட்டார்கள்."