களப்போர வளவில் ஒரு அறை கூட்ட: மண் நிரப்பலா, மேல்மாடியா, பத்தியா?

முல்லைத்தீவில் வற்றாப்பளை, கேப்பாப்புலவு, வட்டுவாகல் பக்கம் நந்திக்கடல் களப்பைப் பார்த்தபடி வளவு வைத்திருப்பவர்களுக்கு வீடு திருத்துவது மேசனோடு மட்டும் பேசி முடிகிற காரியமில்லை. நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்துவிட்டது, நாயாற்றுக் களப்பும் அதே ஆண்டுதான். 'எல்லைக்கல் என்ர வேலிக்கு அங்கால தானே நிக்குது' என்று நிம்மதிப்படுகிறவர்கள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 2009 திருத்தத்தையும் பார்க்க வேணும். இப்படியான தேசிய ஒதுக்க எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்தவகை அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி முன்கூட்டியே தேவை. ஒரு மைலென்றால் பல ஊர்களில் முழு ஊரும் அதற்குள் அடங்கிவிடும்.

அதற்கு மேல் 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம். அது சொல்கிற கரையோர வலயம் கடலோரத்தில் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். கடலோடு இடைக்கிடை மட்டும் தொடுக்கிற களப்பானாலும் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை அந்த வலயம் நீளும். கரையோரத்தின் இயல்பை மாற்றக்கூடிய எந்த வேலையும் அந்தச் சட்டத்தில் அபிவிருத்திதான். கட்டடம், மண் நிரப்பல், மணல் அள்ளல், இயற்கையாய் நிற்கிற செடிகொடியை அகற்றல் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. அதனால் மண் நிரப்பல், மேல்மாடி, சுவரோடு ஒட்டி இறக்குகிற பத்தி என்ற மூன்று வழியையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது சதுர அடி விலையையல்ல, நிலத்தில் எவ்வளவு கை வைக்கிறோம் என்பதைத்தான்.

மண் நிரப்பி அகலக் கட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நாலு லோட் கிறவல் பறித்தால் பள்ளம் மேடாகிவிடும். ஆனால் மாரியில் வெள்ளம் எங்கே போகும்? மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடும் வரைக்கும் களப்பு நீர் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் பள்ளத்தில் நின்ற தண்ணீர் பக்கத்து வளவுக் குசினிக்குள் போகும். சண்டை அங்கே தொடங்கும். புது மேடு இறுகுமுன் அத்திவாரம் போட்டால் ஒரு மாரி கழியச் சுவர் வெடிக்கும். கரையில் நிற்கிற கண்டலையும் சேர்த்து வழித்துவிட்டால், சட்டத்தின் பட்டியலில் இரண்டு வேலையை ஒரே நாளில் செய்த கணக்கு. என்னைக் கேட்டால் இது கடைசித் தெரிவு, அதுவும் அனுமதி கையில் இருந்தால் மட்டும்.

மேல்மாடி நிலத்தைத் தொடாது என்பது உண்மை, வெள்ளத்துக்கும் நல்லது. ஆனால் வன்னியில் போருக்குப் பின் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் தொடக்கத்தில் 5,50,000 ரூபாவுக்குச் சுமார் 550 சதுர அடியில் கட்டியவை மாதிரி. கொங்கிறீற் தூண் இல்லாமல் சீமெந்துக் கல்லில் எழுப்பி ஓடு போட்ட வீட்டின் தலையில் கொங்கிறீற் பிளாட் ஏற்ற முடியாது. தூண் புதிதாய் இறக்கினால் அதுவே ஒரு வீட்டுச் செலவு. காசிருப்பவர்கள் பொறியியலாளரைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

என் வாக்கு பத்திக்கு. இருக்கிற விறாந்தையின் தளத்திலேயே, அத்திவாரக் கோட்டை விட்டு வெளியே போகாமல், சுவரோடு ஒட்டிப் பத்தி இறக்கி அறையாக்குவது. புது நிலம் வேண்டாம், கிடங்கு வெட்டத் தேவையில்லை. குறை இருக்கிறது: கூரை பதிவாய்ப் போகும், தகரம் போட்டால் சித்திரையில் உள்ளே இருக்கேலாது. தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்தால் வெக்கை தணியும். கறையான் பார்க்க வேணும், கிடுகையும் இடைக்கிடை மாற்ற வேணும். பழைய சுவர் யன்னலை அடைக்காமல் விடுங்கள், அல்லது உள்ளறை புழுங்கிச் சாகும். பத்தியென்றாலும் பிரதேச சபைக்கும் மற்றத் திணைக்களங்களுக்கும் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கந்தோர் வாசலில் வாயால் சொன்ன 'பிரச்சினையில்லை' ஆள் மாறினால் செல்லாது.

மலசலகூடத்தை மட்டும் பத்தியோடு சேர்க்க வேண்டாம். களப்போர மணலில் தண்ணீர் மேலாகவே நிற்கும், குழி கிணற்றைக் கெடுத்துவிடும். அடி பூசிய தொட்டிதான் சரி, கிணற்றுக்கு எதிர்ப்புறமாக.

வேலியிலும் இதே போட்டிதான். மதில் வெள்ளத்தை மறிக்கும், உடும்பு கீரி போகிற வழியையும் மறிக்கும். கிளுவைக் கதியால் மாரி தொடங்க நட்டால் தானாகத் தளிர்க்கும், தண்ணீரும் ஊடே போகும். யானை வருகிற பக்கத்தில் மதிலும் நிற்காது, கதியாலும் நிற்காது. அங்கே இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை.