மில்லியனரா ஜெப்பர்டியா: தடைக்காலத்துல ஆடிப் பாத்த ரெண்டு டிவி க்விஸ் கேம்

முதல்லயே சொல்லிடுறேன், நான் மில்லியனர் பக்கம். நடுநிலையா எழுதுறேன்னு சொல்லிட்டு கடைசியில போட்டு உடைக்கிற வேலையெல்லாம் வேணாம்.

எங்க ஊரு ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம். வருசா வருசம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன்பிடி தடைக்காலம். அப்பா பகல்ல போட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறது, வலை சரி பண்றதுன்னு இருந்துட்டு பொழுது சாய வீட்டுக்கு வந்துருவாரு, பசங்களுக்கு ஸ்கூல் லீவு, தம்பி காலேஜ் ஹாஸ்டல்லேருந்து வந்துருப்பான், அப்பத்தா எப்பவுமே இருக்கும், அப்ப இம்புட்டு பேரும் ஒரே ஹால்ல ஒரே டிவி முன்னாடி உக்காந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். துபாய்லேருந்து லீவுக்கு வந்த மச்சான் டிவியில மாட்டி ஆடுற அவரோட பழைய கேம் மெஷின், பிளேஸ்டேஷன் 4ஐ எங்ககிட்டயே விட்டுட்டு போனாரு, கூட ரெண்டு டிஸ்க். சுடுற கேம் எதையும் அப்பத்தா வீட்டுக்குள்ள விடாதுன்னு தெரிஞ்சே ரெண்டும் க்விஸ் கேமா பாத்து குடுத்தாரு போல.

ஒண்ணு ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர், 2020 அக்டோபர்ல வந்தது. இன்னொண்ணு ஜெப்பர்டி, அதோட வீல் ஆஃப் ஃபார்ச்சூனும் சேந்து ஒரே டிஸ்க்ல, 2017ல வந்தது. வீல் ஆஃப் ஃபார்ச்சூன பத்தி ஒரு வரி போதும்: சக்கரத்த சுத்தி இங்கிலீஷ் எழுத்த ஒவ்வொண்ணா கேட்டு மறைஞ்சிருக்கிற வாக்கியத்த கண்டுபிடிக்கணும், பாதி வாக்கியம் அமெரிக்காக்காரன் பேச்சு வழக்கு, நாலு ஆட்டத்தோட அதை மூடியாச்சு.

மில்லியனர யாருக்கும் விளக்கத் தேவையே இல்ல. 1998ல இங்கிலாந்து டிவில ஆரம்பிச்ச ஷோ, 2000ல அமிதாப் பச்சன் இந்தியில எடுத்தாரு, தமிழ்ல 2012ல விஜய் டிவில சூர்யா நீங்களும் வெல்லலாம் ஒரு கோடின்னு நடத்துனாரு, அப்புறம் பிரகாஷ்ராஜ், அப்புறம் அரவிந்த்சாமி, 2019 டிசம்பர்ல கலர்ஸ் தமிழ்ல ராதிகா பொம்பளைங்களுக்கு மட்டும் கோடீஸ்வரி நடத்துனாங்க. எங்க சித்தி அந்த கோடீஸ்வரிய ஒரு நாள் விடாம பாத்த ஆளு. டிஸ்க்க போட்டு அந்த நீலக் கலர் லைட்டு வந்ததும் சித்தி அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்துருச்சு, யாரும் கூப்பிடவே இல்ல. நாலு ஆப்ஷன், 15 படி, தெரியாதப்ப உதவி கேக்க லைஃப்லைன், வேணாம்னா இருக்கிற காசோட எந்திரிச்சு போயிரலாம். அவ்ளோதான், ஆட்டம் ஆரம்பம்.

ஜெப்பர்டி அப்படி இல்ல. அது 1964 மார்ச்ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஷோ (அதே வருசம் டிசம்பர்லதான் இங்க தனுஷ்கோடி போச்சு, அப்பத்தாவுக்கு 64ன்னாலே அது ஒண்ணுதான்). அதுல பதில அவங்க சொல்லுவாங்க, நீங்க கேள்விய சொல்லணும். ஆறு தலைப்பு, தலைப்புக்கு அஞ்சு குறிப்பு, மொத்தம் 30, அடுத்த ரவுண்டுலயும் 30 டபுள் காசுக்கு, கடைசியா ஃபைனல்னு ஒரே ஒரு குறிப்பு, அதுக்கு இருக்கிற காச பந்தயம் கட்டலாம். மூணு பேரு ஆடுறது, பஸ்ஸர முதல்ல அமுக்குறவனுக்குத்தான் வாய்ப்பு, தப்பா சொன்னா காசு கழியும், மைனஸ்லயும் போகும். இதை வீட்டுல விளக்குறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. சித்தி மகன் நாலாப்பு படிக்கிறான், அவன்கிட்ட பதில கேள்வியா சொல்லணும்டான்னு சொன்னதுலேருந்து ரெண்டு நாளைக்கு சோறு வேணுமான்னு கேட்டா "வேணும் என்பது என்ன?"ன்னு சொல்லிட்டு திரிஞ்சான்.

ஆனா ஒண்ணு, தம்பிக்கு ஜெப்பர்டிதான் உசுரு. குரூப் 4க்கு படிக்கிறவன், அவனுக்கு வேகம் வேணும், மோதல் வேணும். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மில்லியனர்ல ஒரு கேள்விக்கு லைட்டு இறங்கி மியூசிக் போட்டு பதில சொல்லி அது சரியா தப்பான்னு தெரியுறதுக்குள்ள ஜெப்பர்டில மூணு குறிப்பு முடிஞ்சிரும். நிஜ ஷோல குறிப்ப படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு பஸ்ஸர அமுக்குனா கால் செகண்டுக்கு லாக் ஆயிரும், அந்த கால் செகண்டுல பக்கத்து ஆளு தூக்கிட்டு போயிருவான், அறிவு பாதி கைவேகம் பாதி. ரெண்டு மூணு சமவயசு பசங்க ரூம்ல இருந்தா ஜெப்பர்டிதான் சரி, இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

எங்க வீட்டுல அது எடுபடாததுக்கு காரணம் வேகம்தான். நாங்க ஒவ்வொரு கேள்வியையும் தமிழ்ல சொல்லிச் சொல்லித்தான் ஆடணும், நான் இங்கிலீஷ்ல படிச்சு, தமிழ்ல சொல்லி, அப்பா "என்னது?"ன்னு ஒருதரம் கேட்டு, திருப்பிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தம்பி அமுக்கிட்டு அடுத்த குறிப்புக்கு போயிருப்பான். கேள்விங்களும் அமெரிக்க ஜனாதிபதிங்க, மாநிலத் தலைநகரம், பேஸ்பால்னு வரும். மில்லியனர்லயும் வெள்ளக்காரன் ஊரு டிவி சீரியல் பத்தி கேக்கத்தான் செய்வான், ஆனா நாலு ஆப்ஷன் கண்ணு முன்னாடி இருக்கு, அப்பா ஒண்ணும் தெரியாட்டியும் "சி போடு, சி மூஞ்சியப் பாத்தாலே தெரியுது"ம்பாரு, பாதி நேரம் சரியா வேற இருக்கும்.

முன்னாடி ஒருதரம் சோனி லிவ் ஆப்புல கேபிசி (அமிதாப்போட அந்த இந்தி ஷோ) ஓடும்போதே கூட ஆடுற பிளே அலாங்கும் ஒரு வாரம் பாத்தோம். தினம் புதுக் கேள்வி, இந்தியக் கேள்வி, தனியா மெஷின் வேணாம், அதெல்லாம் பெரிய பிளஸ். ஆனா ஷோ ஓடுற நேரத்துக்குத்தான் ஆட்டம், ஆளுக்கு ஒரு போனு, ஆளுக்கு ஒரு மூலை, காத்தடிச்சா சிக்னல் போற வீடு எங்க வீடு. அதுக்கு மேல அதப் பத்தி சொல்ற அளவுக்கு நான் ஆடல.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி கேம் வாங்குறவங்க கிராஃபிக்ஸ் எப்படி, ஆங்கர் பேசுறது எப்படின்னுதான் கேக்குறாங்க, அதெல்லாம் மூணாம் நாளே மறந்துரும். கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: கேள்வி எப்ப தீரும்? க்விஸ் கேம்ல கேள்விதான் டீசல். டிஸ்க்ல அடைச்சது அடைச்சதுதான், ஒருதரம் கேட்ட கேள்வி அப்புறம் கேள்வியே இல்ல, மனப்பாடம்.

இந்த வகை கேம் ஆடுறவங்க அடிக்கடி சொல்ற குறையே "கேள்வி திரும்ப வருது"ங்கிறதுதான். ஆயிரக்கணக்குல கேள்வி இருந்தும் ஏன் இம்புட்டு வெரசா திரும்ப வருதுன்னு ஒருநாள் தம்பி பேப்பர்ல கணக்குப் போட்டான். பேச்சுக்கு ஒரு கேம்ல 1500 கேள்வி இருக்குன்னு வைங்க. மில்லியனர் மாதிரி ஏணி ஆட்டத்துல அதை 15 படிக்கு பிரிச்சா படிக்கு 100. முதல் படிக் கேள்வி ஒவ்வொரு ஆட்டத்துலயும் கண்டிப்பா வரும், பதினஞ்சாவது படிக்கு எவன் போறான்? அப்ப கீழ இருக்கிற 100 கேள்விதான் தேய தேய தேயும், மேல இருக்கிறது பொட்டிய பிரிக்காம தூங்கும். குலுக்குச் சீட்டு மாதிரி எடுத்தா 13 ஆட்டத்துக்குள்ள முதல் படியில ஏதாவது ஒரு கேள்வி ரெண்டாந்தரம் வர்றதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. 13 ஆட்டங்கிறது எங்க வீட்டுல ரெண்டு ராத்திரி! சீட்டுக்கட்டு மாதிரி ஒருதரம் வந்தத ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்த மட்டும் எடுக்குற மாதிரி கேம் பண்ணிருந்தா 100 ஆட்டம் தாங்கும். ஆக எத்தனை கேள்வின்னு அட்டையில போட்டிருக்கிற நம்பர மட்டும் நம்பி வாங்காதீங்க, எப்படி குலுக்குறாங்கன்னு ஆடுனவங்ககிட்ட கேளுங்க.

ஜெப்பர்டி கணக்கு வேற. முழுசா ஒரு ஆட்டம் ஆடுனா 30, 30, 1, ஆக 61 குறிப்பு (தடைக்காலமும் 61 நாள், அப்பா இதக் கேட்டு அப்படிச் சிரிச்சாரு). 3000 குறிப்பு இருந்தாலும் 49 ஆட்டத்துல சோலி முடிஞ்சது. அது பரவால்லன்னு தோணும், ஆனா அதுல தலைப்போட சேந்து அஞ்சு குறிப்பும் ஒண்ணா வரும், தலைப்பப் பாத்ததுமே தம்பிக்கு அஞ்சு பதிலும் ஞாபகம் வந்துரும், அதுக்கப்புறம் அவன்கூட எவன் ஆடுவான். ஏணி ஆட்டத்துல திரும்ப வந்தா ஒரு படி மட்டும் வீணா போகும், இதுல ஒரு வரிசையே வீணா போகும்.

ஆக தீர்றது ரெண்டும் தீரும். அப்ப ஏன் மில்லியனர்ங்கிறேன்னா, கேள்வி தீந்த பிறகும் ஆட்டம் நிக்கிறது அதுலதான். எங்க வீட்டுல நடந்தது இதுதான்: மே மாசம் பாதியில சித்தி மகன் கேள்வி முழுசா ஸ்கிரீன்ல வர்றதுக்கு முன்னாடியே பதில கத்த ஆரம்பிச்சுட்டான். சித்திக்கு கோவம் வந்து டிவிய அமத்திட்டு அவனோட பழைய கணக்கு நோட்ட எடுத்து "இனி கேள்வி நாங்க எழுதுறோம்"னு உக்காந்துருச்சு. செவுத்துல சார்ட்டு ஒட்டி 15 படி போட்டோம், அஞ்சாவது படியும் பத்தாவது படியும் பத்திரமான படி, அதுக்கு கீழ விழ மாட்டோம், பரிசு காசுக்கு பதிலா அஞ்சு தாண்டுனா ஐஸ், பத்து தாண்டுனா பரோட்டா, பதினஞ்சும் தாண்டுனா மறுநாள் வீட்டுல அவங்க சொல்றதுதான் சமையல். கேமுக்குள்ள நண்பருக்கு போன் போட்டா கம்ப்யூட்டர் ஆளு எதையாவது சொல்லும், எங்க ஆட்டத்துல நிஜமாவே போன் போடுறது, துபாய்ல இருக்கிற மச்சானுக்கு. 30 செகண்டு, ஸ்டாப்வாட்ச்ல. பாவம் அவரு ட்யூட்டியில இருந்துக்கிட்டு "என்னடா, மன்னார் வளைகுடாவுல எத்தனை தீவா? 21டா, வையி போன"ம்பாரு. ஆடியன்ஸ் போல்னா பசங்க கை தூக்குறது.

கேள்வியும் எங்க கேள்வி ஆயிருச்சு. பழைய பாம்பன் பாலம் திறந்த வருசம் (1914, அது மூணாவது படி), புதுப் பாலத்துல மேல தூக்குற பகுதி எத்தனை மீட்டர் (72.5, அது பத்தாவது படி, அப்பா 72ன்னு சொல்லி பரோட்டாவ கோட்டை விட்டாரு), ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள எத்தனை தீர்த்தம், கலாம் ஐயா பிறந்த தேதி. இதையே ஜெப்பர்டி மாதிரி பண்ணணும்னு தம்பி கேட்டான், பண்ணிப் பாத்தோம், ஒரு ஆட்டத்துக்கு 61 குறிப்பு எழுதணும், எழுதுறவன் கை ஒடிஞ்சிரும், அதுக்கும் மேல பஸ்ஸர் வேணும், தகர டப்பாவ தட்டுறதுன்னு வச்சோம், யாரு முதல்ல தட்டுனான்னு சண்டை, அன்னைக்கோட முடிஞ்சது. ஏணி ஆட்டத்துக்கு ராத்திரிக்கு 15 கேள்வி போதும், பாதியில விழுந்துட்டா மிச்சம் நாளைக்கு.

ஒண்ணு ரெண்டு விசயம் மிச்சம். திருப்பி விக்கிறதுக்கு டிஸ்க்கா வாங்குனாத்தான் உண்டு, டவுன்லோடு பண்ணுனத யாருக்கும் குடுக்க முடியாது, இது தெரிஞ்ச விசயம்தான். ராம்நாட்டுல ஒரு கடையில ரெண்டையும் காட்டிக் கேட்டேன், க்விஸ் கேமான்னு ஒரு பார்வை பாத்துட்டு சொன்ன விலைக்கு சும்மாவே வச்சுக்கலாம்னு வந்துட்டேன். ஆன்லைன்ல கூட்டமா மோதுற மோடும் மில்லியனர்ல இருக்கு, நான் ஆடுனது ரெண்டே தடவை, ரெண்டு தடவையும் நடுவுல எங்க வீட்டு நெட்டு போயிருச்சு, அதனால அதுக்காக வாங்குறவங்க என் பேச்ச கணக்குல எடுக்க வேணாம். தனியா உக்காந்து ஆடுறவங்களுக்கும் நான் சொல்றது எம்புட்டு பொருந்தும்னு சொல்ல முடியாது, நான் ஒருநாளும் தனியா ஆடுனதில்ல.

ஜூன் 14 ராத்திரி போட்டெல்லாம் கிளம்புறதுக்கு முந்தின நாள் கடைசி ஆட்டம். அன்னைக்கு பதினஞ்சாவது கேள்விய அப்பத்தா போட்டுச்சு, எழுதல, வாயாலயே: மேக்கேருந்து அடிக்கிற காத்துக்கு பேரு என்ன, வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா? ஆடுனது தம்பி. ரெண்டு தப்பான ஆப்ஷன தூக்குற பாதிக்குப் பாதிய அப்பவே தீத்துட்டான், போன் போட்டான், மச்சான் எடுக்கல, கை தூக்கச் சொன்னான், பசங்க நாலு பேரும் கொண்டலுக்கு தூக்குனாங்க. அப்பா வலைய மடிச்சுக்கிட்டே வாயத் திறக்காம இருந்தாரு, அவருக்கு தெரியாம இருக்குமா. தம்பி கொண்டல்னு லாக் பண்ணிட்டு ஹாஸ்டலுக்கு போறப்ப ஜெப்பர்டி டிஸ்க்க எடுத்துட்டு போயிட்டான், மில்லியனர் டிஸ்க் இன்னும் மெஷின்குள்ளயே கிடக்கு, சித்தியோட நோட்டுல இப்ப 140 கேள்விக்கு மேல இருக்கு, கச்சான் கேள்விய மட்டும் அடிச்சுப் போட்டாச்சு, அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே.