பிறீசர் லொறி வீடும் வன்னிப் புழுதியும்

இலங்கையில் 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல் மறுபடி திறந்ததிலிருந்து என்னிடம் பலர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, உங்களை மாதிரி ஒரு பழைய கன்டர் லொறியை எடுத்து வீடாக்கலாமோ?" இடைப்பட்ட காலத்தில் பழைய லொறியெல்லாம் யானை விலை, குதிரை விலை. இப்போது கொஞ்சம் துணிந்து கேட்கிறார்கள். பின்கதவு றப்பரை மாற்றிய கையோடு எழுதுகிறேன், அதனால் சூடு கொஞ்சம் இருக்கும்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கன்டரைத் திருத்தத் தெரியாத கராஜ் வன்னியில் இல்லை. என்னுடையது முன்பு மீன் ஏற்றிய பிறீசர் லொறி. குளிரூட்டும் மெஷினைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கூரையில் சோலார். அவ்வளவுதான்.

பிரச்சினை புழுதி. ஏ9, மாங்குளம் - முல்லைத்தீவு வீதி எல்லாம் கார்பெட் போட்ட தார் ரோட்டு, அதில் ஒரு குறையும் இல்லை. நெடுங்கேணியிலோ ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ உள்ளே திரும்பினால் கிரவல். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பி, மழை மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத நேரத்தில் அந்தக் கிரவல் அரித்தெடுத்த மா மாதிரி இருக்கும். பிறீசர் பெட்டியின் தரை அலுமினியம். மீனுக்குக் கீழே குளிர்காற்று ஓடுவதற்காக நீளத்துக்கு வரிவரியாகப் பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளமெல்லாம் சிவப்பு. துணியால் துடைத்தால் மேடு மட்டும்தான் துப்புரவாகும். பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து முழங்காலில் இருந்து ஒவ்வொரு வரியாக இழுக்கவேண்டும். தலையணை உறைக்குள் புழுதி, சீனிப்போத்தல் மூடியின் புரிக்குள் புழுதி. அம்மா சமைக்க முன்னர் சட்டியைக் கழுவுவா, சமைத்த பிறகு மூடியைக் கழுவுவா.

கதவு இறுகப் பூட்டியிருக்க எப்படி வருகிறது? லொறி ஓடும்போது பெட்டியின் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறையும். பின்சில்லுகள் கிளப்பும் புழுதி அங்கேயே சுழலும். கதவின் மேல் விளிம்பில் றப்பர் கொஞ்சம் விட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் காற்று அதால் வெளியே இழுபடும். அதை ஈடுசெய்ய வேறெங்காவது இருந்து காற்று உள்ளே வரத்தானே வேண்டும். வருவது தரையால். ஐஸ் தண்ணீர் வடிவதற்கு மூலைகளில் ஓட்டைகள் உண்டு. பெட்டியை மாற்றித் தந்த பட்டறை அவற்றின்மேல் தகரத்துண்டு வைத்து சிலிக்கன் பூசிவிட்டது. கிரவல் குலுக்கத்தில் சிலிக்கன் எத்தனை நாள் நிற்கும்? நல்ல றப்பர் அடைப்பானுக்கு எவ்வளவு காசு போயிருக்கும்? போய்க் கேட்டால், "வன்னியில புழுதி இல்லாம இருக்குமோ" என்று பதில். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி சொன்னவர் ஊரில் வெல்டிங் கடை வைத்திருக்கும் அண்ணை. மெஷினைக் கழற்றிய இடத்தில், டிரைவர் கூரைக்கு மேலே முன்சுவரில், ஒரு சதுர ஓட்டை அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்து லொறி எயார் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தி, முன்னால் திறந்து மூடுகிற தகர வாய் வைத்துத் தந்தார். ஓடும்போது வடிகட்டிய காற்று அதால் உள்ளே தள்ளுப்படும். உள்ளே அழுத்தம் கூடினால் இடுக்குகளால் காற்று வெளியே போகும், புழுதி உள்ளே வராது. முக்கால்வாசி குறைந்துவிட்டது. முன்னால் மணல் டிப்பர் போனால் மட்டும் வாயை மூடிவிட்டு ஓரமாக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்துவிடும்.

அதே பெட்டியின் சுவரைப் புகழாமல் விட்டால் பாவம். கை தடிப்பில் ஃபோம். சித்திரை வெயிலில் வெளியே அனல் பறக்கும்போது உள்ளே ஒரு சின்ன மின்விசிறி போதும். ஏறிய வெக்கை இலேசில் இறங்காது என்பதால் பொழுதுபட்டதும் கதவை அகலத் திறந்துவிடவேண்டும். 2022 இல் டீசலுக்குக் கியூவும் கியூஆர் கோட்டாவும் வந்தபோது லொறி முற்றத்திலேயே நின்றது. மின்வெட்டு இரவுகளில் வீடே அதற்குள் வந்து படுத்தது. சோலார் விசிறி சுற்றியது, பிள்ளைகள் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். அதற்காகவே இந்த லொறிக்கு நான் கடமைப்பட்டவன்.

வெளிநாட்டுக்காரர் வீடியோக்களில் நினைத்த இடத்தில் காட்டுக்குள் இறக்கி நிறுத்துவதைப் பார்த்து இங்கே அப்படிச் செய்யாதீர்கள். மிதிவெடி முழுதாக எடுத்து முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் ஒரு சில்லுக்கூட ரோட்டை விட்டு இறங்கக்கூடாது. யானையும் உண்டு. நான் நிற்பது கோயில் வீதியில், அல்லது ஊராரைக் கேட்டுக் குளக்கட்டுக்குக் கீழே. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு ஐயா சொன்னார்: "வெட்டையில விடுங்கோ தம்பி. பாலைப்பழக் காலம், மரத்துக்குக் கீழ விட்டா கரடி வரும்." அப்படியே செய்தேன்.

அப்போ வாங்கலாமா? வேண்டாம். ஒரு வானை எடுத்து ஓடுங்கள், இரவில் அறை எடுத்துத் தங்குங்கள், தரை கூட்டுகிற வேலை மிச்சம். என்னுடையதை விற்கிறேனா என்றும் கேட்கிறார்கள். இல்லை, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் அதில்தான் போகிறோம்.

இவ்வளவு சொல்லியும் எடுப்பதென்றால், பெட்டிக்குள் ஏறி வெளியிலிருந்து கதவைப் பூட்டச் சொல்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் புழுதி வரும். உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி வேலை செய்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் முதல் செலவு அதற்கு. காற்றுப் புகாமல் செய்த பெட்டி என்பதால் காஸ் அடுப்புக்குக் கிட்ட, தரையோடு ஒன்றும் கூரையில் ஒன்றுமாகக் காற்றுவழி வையுங்கள். ஓடும்போது மூடுவதற்கு மூடியும் போடுங்கள், ஆனால் அடுப்பு எரியும்போது இரண்டும் திறந்திருக்கவேண்டும்.