ஸ்கேட்டுக்குச் சாணை: வீட்டு இயந்திரமா, கடை இயந்திரமா?

டொராண்டோ பக்கம் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் குளிர்காலம் வந்தாலே கேட்பது இதுதான்: ஸ்கேட்டின் அடியிலுள்ள பிளேடைத் தீட்ட வீட்டுக்கே ஒரு சாணை இயந்திரம் வாங்கிவிடலாமா? பெரும்பாலும் விலையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, சாணைச் சக்கரம் பிளேடின் நட்டநடுவில் ஓடுகிறதா என்பதை.

ஹாக்கி பிளேடின் தடிமன் சுமார் 3 மி.மீ. அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் இரு கரைகள்தான் பனியைக் கடிக்கும் விளிம்புகள். பள்ளம் எந்த வட்டத்தின் வளைவோ அதன் ஆரத்தால்தான் அதைக் குறிப்பிடுவார்கள். பரவலாகப் பயன்படும் அரை அங்குல ஆரத்தில் பள்ளத்தின் ஆழம் 0.09 மி.மீ.தான், ஏறக்குறைய ஒரு தாளின் கனம். சக்கரம் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினால் போதும், ஒரு விளிம்பு மற்றதைவிட 0.02 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். பள்ளத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டால் அது கால் பங்கு. இடப்பக்கம் திரும்பினால் பிடிக்கிறது, வலப்பக்கம் வழுக்குகிறது என்று பையன் முறையிடுவான். பயிற்சியாளரோ முழங்காலை இன்னும் மடக்கு என்பார்.

கடைகளிலும் பனிச்சறுக்கு அரங்குகளிலும் இருப்பவை பெரும்பாலும் கையால் தள்ளும் வகை. ஒன்டாரியோவின் சாத்தம் நகரத்துத் தயாரிப்பான பிளேட்மாஸ்டர் இதில் பழைய கை. ஸ்கேட்டை ஒரு பிடியில் இறுக்கி, வழவழப்பான இரும்பு மேசையில் வைத்து, சுழலும் சக்கரத்தில் படும்படி ஆள் தள்ளுகிறார். பிடியின் உயரத்தைத் திருகித்தான் பிளேடை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரத்தின் வளைவையும் அவரே ஊசலாடும் வைரமுனையால் சீவி உருவாக்குகிறார். ஆரம் மாற்ற வேண்டுமென்றால் அந்த முனையை நகர்த்திச் சீவினால் ஆயிற்று. இன்னொரு கனடிய நிறுவனமான பிளாக்ஸ்டோன் இங்கேதான் வேறுபடுகிறது. ஒற்றை முனைக்குப் பதிலாக, வடிவம் வெட்டிய வைர உருளையைச் சக்கரத்தின் மீது அழுத்துகிறது. அதனால் வட்டப் பள்ளம் மட்டுமல்ல, நடுவில் தட்டையாகவும் ஓரங்களில் சரிவாகவும் இருக்கும் ‘ஃபிளாட் பாட்டம் வீ’ வடிவமும் கிடைக்கும். வழுக்கலும் வேண்டும், பிடியும் வேண்டும் என்பவர்கள் அதை விரும்புகிறார்கள்.

இந்த வகையின் பலமும் பலவீனமும் ஒரே ஆள்தான். தேர்ந்த கை என்றால் பிளேடில் விழுந்த வெட்டைப் பார்த்து, அந்த இடம் தீரும்வரை சில தள்ளு கூடுதலாகத் தள்ளும். சனிக்கிழமை நெரிசலில் நிற்கும் பகுதிநேரப் பையனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அழுத்தித் தள்ளிச் சூடேற்றிவிட்டால் விளிம்பின் உறுதியும் போகும்.

மாசசூசெட்ஸின் ஸ்பார்க்ஸ் இந்த ஆளையே நீக்கிவிட்டது. பூட்ஸோடு ஸ்கேட்டை மேலே செருகிப் பூட்டி, எத்தனை ஓட்டம் என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினால், உள்ளே சிறு வளையம் சுழன்றபடி போய்வரும். ஆரம் அந்த வளையத்திலேயே அமைந்திருக்கிறது, சீவும் வேலையே இல்லை. அரை அங்குலத்திலிருந்து ஐந்தெட்டு அங்குலத்துக்கு மாற வேண்டுமா, வேறு வளையம் வாங்குங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஓட்டங்களை எண்ணும் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. 320 ஓட்டம் முடிந்ததும் இயந்திரம் அதை ஏற்காது. வழக்கமான பராமரிப்புக்கு அது சுமார் 40 சோடி. ஆனால் கல்லில் மிதித்து வெட்டு விழுந்த பிளேடை ஒருநாள் போட்டுப் பாருங்கள், ஓட்டக் கணக்கு விறுவிறுவென்று கரையும். ஒரு ஓட்டத்துக்கு இது சுரண்டும் இரும்பு அவ்வளவு குறைவு.

சுவீடனின் புரோஷார்ப்பும் தானியங்கி வகைதான். ஆனால் அதன் கடை இயந்திரங்களின் பலம் பிளேடின் நீளவாக்கு வளைவைச் செதுக்கித் தருவதில். குவாட் என்னும் வரிசையில் ஒரே பிளேடின் நீளவாக்கில் நான்கு ஆரங்கள் அடுத்தடுத்து வரும். வீட்டுக்கு வாங்குபவருக்கு இது மிகை. வருடத்துக்கொரு முறை கடையில் செய்துகொண்டால் போதும்.

பனியில் சுழன்றும் தாவியும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பிள்ளை என்றால் என் பதில் மாறிவிடும். அந்த பிளேடின் முன்பக்கம் பற்கள் உண்டு, அவற்றுக்குச் சற்றுப் பின்னால் சுழலும்போது ஆட்டக்காரர் ஊன்றி நிற்கும் சிறு வளைவு. நேராகப் போய்வரும் சக்கரம் பற்களில் இடிக்காமல் முன்பே நின்றுவிட்டால், தொடப்படாத பகுதிக்கும் தொட்ட பகுதிக்கும் இடையே நாளடைவில் மேடு விழும், சுழற்சி தடுமாறும். நல்ல விலை கொடுத்து வாங்கிய இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து பிளேடைத் தெரிந்த கைக்காரரிடம் கொடுங்கள், தூரமானாலும் பரவாயில்லை.

சரி, காசுக் கணக்கு. கடையில் சோடிக்குப் பத்து டாலர் பக்கம் என்று வையுங்கள். தானியங்கி இயந்திரம் ஆயிரம் டாலர் பக்கம் என்று வையுங்கள். வாரம் ஒருமுறை தீட்டும் ஒரே பிள்ளை என்றால், ஆறு மாதப் பருவத்தில் 25 தடவை. போட்ட காசு திரும்ப நான்கு வருடமாகும், வளையச் செலவு தனி. இரண்டு பிள்ளைகள், அல்லது பக்கத்து வீட்டோடு பங்கு என்றால் வாங்கலாம், அதுவும் ஸ்பார்க்ஸ் வகையை. பிளேட்மாஸ்டரைக் கராஜில் வைத்துப் பழகலாம் என்பவர் பிள்ளையின் பிளேடில் பழக வேண்டாம், யாரும் வேண்டாமென்று போட்ட பழைய ஸ்கேட்டில் பழகட்டும்.

எதை வாங்கினாலும் விளிம்பு சமன் பார்க்கும் காந்தக் கட்டையையும் கூடவே வாங்கிவிடுங்கள். பிளேடில் ஒட்டவைத்தால் அதன் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். புது இயந்திரம் வந்த அன்றே ஒரு ஸ்கேட்டைத் தீட்டி, கட்டையை வைத்து, சாய்ந்தால் இயந்திரத்தின் திருகைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பிள்ளையின் ஸ்கேட்டைத் தொடுங்கள். தீட்டி முடித்ததும் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சிறு கல்லால் இரு பக்கமும் இலேசாக ஒருமுறை தடவி எடுக்க வேண்டும். தானியங்கி என்றாலும் அந்த வேலை கையால்தான்.