ஏஜென்சி ஆளா, நேரடியாக அமர்த்தும் ஆளா? படுக்கையில் இருக்கும் முதியவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் இரு வழிகள்

பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்த என் மாமியாரைச் சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டிலேயே வைத்து இரண்டரை ஆண்டுகள் பார்த்துக்கொண்டோம். முதல் பத்து மாதங்கள் ஓர் ஏஜென்சி அனுப்பியவர்கள் வந்தார்கள். அதன் பிறகு, தெரிந்தவர் சொல்லி நாங்களே அமர்த்திய ஒரு பெண்மணி இருந்தார். இரண்டிலும் நல்லதையும் கெட்டதையும் பார்த்துவிட்டதால், இந்த முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏஜென்சியின் பெரிய பலம், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார் என்பதுதான். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது சிறிய ஆறுதல் அல்ல. அடையாளச் சான்று, ரசீது, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் ஆகியவையும் உண்டு. ஆனால் 'நர்ஸ் அனுப்புகிறோம்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டுகள், பட்டயச் செவிலியர் படிப்பு மூன்று ஆண்டுகள்; படித்து முடித்தவர்கள் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து எண் பெற்றிருப்பார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்து வருபவர்களில் பலர் குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளர்களே. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் அது போதும். ஊசி போடவோ, உணவு செலுத்தும் மூக்குக்குழாயை மாற்றவோ போதாது. பதிவு எண்ணைக் கேட்டால் மறுமுனையில் விழும் மௌனத்திலேயே பாதி விஷயம் விளங்கிவிடும்.

இந்த நிறுவனங்களைச் சட்டம் கண்காணிக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வீட்டுப் பராமரிப்புச் சேவை தருபவர்களையும் பதிவுக்கும் தர விதிகளுக்கும் உட்படுத்தும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது; அது சட்டமாகவில்லை. ஆகவே தரம் என்பது பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

எங்களுக்கு ஏஜென்சியிடம் இருந்த குறை ஆட்களின் குணத்தைப் பற்றியது அல்ல, அவர்கள் மாறிக்கொண்டே இருந்ததைப் பற்றியது. பத்து மாதங்களில் ஏழு பேர் வந்தார்கள். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். இதை ஒவ்வொருவருக்கும் நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவதாக வந்தவரிடம் சொல்வதற்குள் அவர் இழுத்துவிட்டார்; அன்று அத்தை போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாக, செய்ததைக் குறித்துவைக்கும் நோட்டில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், இரவு முழுவதற்கும் எழுதப்பட்டிருந்தது. அந்த வாரம்தான் வால் எலும்புக்கு மேல், அழுத்தினாலும் வெளுக்காத ஒரு சிவப்புத் திட்டைக் கண்டோம். படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும்.

நேரடியாக வந்தவருக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலேயே, "பாட்டிக்கு இன்னைக்கு மூத்திரம் கலங்கலா போகுதும்மா, டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று அவரே வந்து சொன்னார். சிறுநீர்த் தொற்று காய்ச்சலாக முற்றுவதற்குள் பிடிபட்டது. ஒரே உடலைத் தினமும் தொடும் கைக்குத்தான் இந்த வேறுபாடு தெரியும். அதே சமயம், தலையை உயர்த்தாமல் படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்டிக்கொடுத்த பிறகு அந்தத் தவறு மறுபடி நடக்கவில்லை.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு. மகள் பிரசவத்துக்காக அவர் பதினைந்து நாள் ஊருக்குப் போனபோது எங்கள் வீடு தலைகீழாயிற்று. வாரம் ஒருநாள் விடுப்பும் இரவில் தடையற்ற தூக்கமும் தராவிட்டால், எவ்வளவு பொறுமைசாலியும் நான்காவது மாதத்தில் சிடுசிடுக்கத் தொடங்குவார். முதியவர் மீது கை ஓங்கப்படும் செய்திகளுக்குப் பின்னால் இந்தக் களைப்பும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு அமர்த்துபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையவழிச் சேவை வைத்திருக்கிறது. தெரிந்தவர் சொன்ன ஆள்தானே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அன்றாடம் குளிப்பாட்ட அவர்கள் வருவதில்லை, ஆகவே இது மாற்று அல்ல. ஆனாலும் வெளியிலிருந்து வந்து பார்க்கும் பயிற்சி பெற்ற ஒரு கண் என்ற அளவில், மேற்சொன்ன இரு வழிகளிலும் இல்லாத ஒன்றை அது தருகிறது.

மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட மூச்சுக்குழாய்த் துளை, மூக்குக்குழாய், ஆழ்ந்த புண் போன்றவை இருந்தால், பதிவு பெற்ற செவிலியரை அனுப்பும் ஏஜென்சியைத்தான் சொல்வேன். அப்போதும் ஒரே ஆளைக் குறைந்தது மூன்று மாதமாவது மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இவை இல்லாமல் படுக்கையோடு மட்டும் இருப்பவருக்கு, நேரடியாக அமர்த்தி, பயிற்சியும் விடுப்பும் கொடுத்து வைத்துக்கொள்வதே மேல். எந்த வழியானாலும், வாரம் ஒருமுறை குளிப்பாட்டும் நேரத்தில் வீட்டார் ஒருவர் கூடவே இருந்து குதிகால், இடுப்பு, வால் எலும்பு மூன்றையும் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும். நோட்டில் எழுதியிருப்பது அதற்குப் பிறகுதான்.