கபூட்டோ நீலப் பை மாவு: வீட்டு ஓவனுக்குச் சரிப்படுமா?

பீட்சா மாவு என்றதும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் கபூட்டோ. 1924இல் தொடங்கப்பட்ட, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இயங்கும் மாவு ஆலை. அதன் நீலப் பை ‘பிட்ஸேரியா’ 00 மாவு (00 என்பது இத்தாலியில் மிக நைசான வெள்ளைக் கோதுமை மாவின் தரப்பெயர்) உண்மையிலேயே அருமையானது. ஆனால் 250 டிகிரியோடு நின்றுவிடும் ஓ.டி.ஜி. (வீட்டு மின் ஓவன்) வைத்திருப்பவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

இது 430 முதல் 480 டிகிரி வரை போகும் விறகு அடுப்புக்கான மாவு. அங்கே ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். மால்ட் (நிறம் வர உதவும் முளைகட்டிய தானியப் பொடி) சேர்க்காத மாவு என்பதால் அவ்வளவு சூட்டிலும் சட்டென்று கருகாது. வீட்டு ஓவனில் அதே குணம்தான் தொல்லை: ஏழெட்டு நிமிடம் வெந்தும் ஓரம் வெளுத்தே கிடக்கும், நிறம் வரட்டும் என்று விட்டால் காய்ந்து வறட்டியாகிவிடும்.

பிசையும்போதுதான் கொடுத்த காசு தெரிகிறது. நம் கடை மைதாவில் மாவின் எடையில் 65 சதவீதம் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். இது அத்தனையும் குடித்துவிட்டு, பத்து நிமிடப் பிசைவில் வழவழப்பாகத் திரண்டு நிற்கும். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலியும்.

வீட்டு ஓவனுக்கு அளவு இப்படி: மாவு 500 கிராம், குளிர்ந்த நீர் 325, உப்பு 13, எண்ணெய் 10, சர்க்கரை 5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். சாதாரணத் தராசில் ஒரு கிராமை நம்ப முடியாது, ஈஸ்டுக்கு ஸ்பூனே மேல். நிறம் வரச் சர்க்கரையும், ஓரம் காயாமல் இருக்க எண்ணெயும். நேப்பிள்ஸ் முறையில் இரண்டுமே கிடையாது. பிசைந்த மாவை மூடி ஒரு மணி நேரம் வைத்து, நான்கு உருண்டையாக்கி, ஃப்ரிட்ஜில் 24 முதல் 48 மணி நேரம். நம் ஊர் வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்துத் தளர்ந்துவிடும்.

சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். விரிக்கும்போது மாவு பின்னுக்கு இழுத்தால் அது இன்னும் சில்லென்று இருக்கிறது என்று பொருள். மூடி இருபது நிமிடம் விட்டால் வழிக்கு வரும். பூரிக்கட்டை மட்டும் வேண்டாம், ஓரத்தில் சேர்ந்த காற்றெல்லாம் போய்விடும். கல்லோ கனமான இரும்புத் தகடோ 45 நிமிடம் முழுச் சூட்டில் காய்ந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பிச் சூட்டை மட்டும் விட்டால் ஓரம் ஓரளவு சிவக்கும்.

400 டிகிரிக்கு மேல் போகும் கேஸ் பீட்சா அடுப்பு இருந்தால் சர்க்கரை, எண்ணெயை விட்டுவிட்டு, தண்ணீரை 300 கிராமுக்குக் குறைத்து நீலப் பையையே வாங்குங்கள். அதற்கு நிகரில்லை. ஓ.டி.ஜி.க்கு, மால்ட் சேர்த்த நல்ல பிரெட் மாவு கூடுதல் நிறம் தரும். 48 மணி நேரத்துக்கு மேல் ஊற வைப்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் சிவப்புப் பை ‘குவோக்கோ’ பொருத்தம். மாவு எவ்வளவு நேரம் ஊறித் தாங்கும் என்பதைக் காட்டும் வலிமை அளவு (W) அதற்கு 300–320, நீலத்துக்கு 260–270தான்.

சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகக் கட்டித் தருகிறார்கள். தேதி அச்சிட்ட ஒரு கிலோ பையே வாங்குங்கள். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டு வரும்.